ஏரி வரைபடத்தைக் கூகுள் எர்த்தில் அடுக்கடுக்காக ஏற்றுவது: கிட்டே போனால் கடல் வருகிறது, தள்ளிப் போனால் ஊர் நகர்கிறது

ஏரிக்கரை எழுதியது:

அனைவருக்கும் வணக்கம். இரண்டு வாரமாக ஒரே இடத்தில் நிற்கிறேன், உதவி வேண்டும்.

உத்திரமேரூர் வட்டாரத்து ஏரிகளைக் கியூஜிஸ் என்ற வரைபட மென்பொருளில் வரைந்து வருகிறேன். நீர்ப்பரப்பு மட்டுமல்ல, கரை, மதகு, கலங்கல், வரத்துக்கால் எல்லாவற்றையும் குறிக்கிறேன். ஓர் ஏரி நிரம்பிக் கலங்கல் வழிந்தால் அந்தத் தண்ணீர் அடுத்து எந்த ஏரிக்குப் போகும் என்பது இன்று எழுபது வயதைத் தாண்டியவர்களுக்குத்தான் தெரிகிறது. அவர்கள் சொன்னதைப் மைலுக்கு ஓரங்குலம் என்ற அளவில் வரைந்த பழைய நில அளவைத் தாள்களோடு ஒப்பிட்டு, கரைமேல் நடந்து பார்த்துக் குறித்தவை இவை.

தட்டையான வரைபடத்தைக் காட்டியபோது அவர்களால் ஒன்றும் சொல்ல முடியவில்லை. கூகுள் எர்த்தைத் திறந்து, உயரத்தை மூன்று மடங்காக வைத்து, தரையைச் சாய்த்துக் காட்டியதும் ஒரு பெரியவர் திரையில் விரல் வைத்து, "மேட்டிலிருந்து இப்படித்தான் இறங்கும்" என்று வாய்க்காலை இழுத்துக் காட்டினார். அதனால் என் வரைபடம் அந்தக் கோளத்தின் மேல் படிந்தாக வேண்டும்.

முதலில் முழு வரைபடத்தையும் ஒரே படமாக்கி மேலே போர்த்தினேன். 12,000 பிக்சல் அகலப் படம். மடிக்கணினி திணறியது, கிட்டே போனால் மதகின் பெயர்கூடப் படிக்க முடியாத அளவுக்கு மங்கியது. பிறகு அதை டைல் எனப்படும் 256 பிக்சல் சதுரத் துண்டுகளாக வெட்டி, பெரிதாக்கும் படிகளான எல்லா மட்டங்களுக்கும் கேஎம்எல் (எந்தப் படத்தை எங்கே காட்டுவது என்று கூகுள் எர்த்துக்குச் சொல்லும் கோப்பு) எழுதும் சிறு நிரல் ஒன்றை பைத்தானில் எழுதினேன். உலகம் முழுக்கத் தெரியும் மட்டங்களிலிருந்து ஏரியை நெருங்கும் மட்டங்கள் வரை ஒரு பொதுச் சேவையகத்தின் டைல்களை அடிப்படையாக வைத்தேன். இப்போது மூன்று சிக்கல்கள்.

ஒன்று, ஏரியை நெருங்கினால் என் வரைபடத்துக்குப் பதிலாகச் சில இடங்களில் வெறும் நீலமும் சில இடங்களில் சிவப்புப் பெருக்கல் குறியும் வருகின்றன. இரண்டு, மிகத் தள்ளிப் போனால் ஊர்களெல்லாம் தெற்கே நகர்ந்துவிடுகின்றன. மூன்று, நேற்றிலிருந்து அந்தப் பொதுச் சேவையகம் எனக்கு டைல் தர மறுக்கிறது.

---

வடமராட்சி எழுதியது:

வணக்கம். முதலாவது சிக்கலுக்கு விடை கையிலேயே இருக்கிறது. வரிசை எண் தலைகீழாகியிருக்கிறது.

உத்திரமேரூரை எடுத்துக் கணக்கிட்டுப் பார்த்தேன். 12-ஆம் மட்டத்தில் அந்த ஊர் விழும் டைல், நெடுவரிசை 2955, வரிசை 1903. இது வடக்கிலிருந்து தெற்காக எண்ணும் முறை. கூகுள் மேப்ஸ் 2005-இல் வந்ததிலிருந்து ஓபன்ஸ்ட்ரீட்மேப் வரை பெரும்பாலானவர்கள் பின்பற்றுவது இதுதான். டிஎம்எஸ் என்ற மற்ற முறையில் தெற்கிலிருந்து வடக்காக எண்ண வேண்டும். 12-ஆம் மட்டத்தில் மொத்தம் 4096 வரிசைகள். 4095-இலிருந்து 1903-ஐக் கழித்தால் 2192. அதே டைல்தான், பெயர் மட்டும் வேறு.

இப்போது 2192 என்ற எண்ணை வடக்கிலிருந்து எண்ணும் சேவையகத்திடம் கொடுத்தால் என்ன தரும்? உத்திரமேரூரிலிருந்து நிலநடுக்கோட்டைக் கண்ணாடியாக வைத்துப் பார்த்த இடத்தைத் தரும். அதே தீர்க்கரேகையில் தெற்கு 12.6 பாகை. அங்கே இந்து சமுத்திரத்தைத் தவிர வேறொன்றும் இல்லை. நீங்கள் பார்த்த நீலம் உண்மையான கடல். உங்கள் சொந்த டைல்கள் இருக்கும் கோப்புறையில் தலைகீழான எண்ணில் கோப்பே இல்லாததால் அங்கே பெருக்கல் குறி வருகிறது.

ஜிடால் கருவியால் டைல் வெட்டியிருந்தால் அது இயல்பாகவே டிஎம்எஸ் எண்ணைத்தான் இடும். புதிய பதிப்புகளில் மற்ற முறைக்கு மாற்ற ஒரு விருப்பம் உண்டு. எந்த முறை என்பதைக் கோப்புறையின் பெயரிலேயே எழுதி வைத்துவிடுங்கள். ஆறு மாதம் கழித்துத் திறக்கும்போது உங்களுக்கே உதவும்.

---

ஏரிக்கரை எழுதியது:

மிக்க நன்றி அண்ணா. நீங்கள் சொன்னது அப்படியே சரி. என் டைல்கள் டிஎம்எஸ், பொது டைல்கள் மற்ற முறை. இரண்டுக்கும் ஒரே சூத்திரத்தைப் போட்டிருந்தேன். மாற்றியதும் ஏரி வந்துவிட்டது.

ஆனால் இப்போது வேறொன்று. கேஎம்எல்லைத் திறந்தவுடன் எல்லா மட்டங்களும் ஒரே நேரத்தில் இறங்கத் தொடங்குகின்றன. ஆறாயிரம் டைல்களுக்கும் ஒரே கோப்பில் முகவரி எழுதியிருக்கிறேன். அதுதான் தவறா?

---

நிலப்படம் எழுதியது:

அதுதான் தவறு. பொதுச் சேவையகம் உங்களைத் தடுத்ததற்கும் அதுவே காரணம்.

கோளம் கேட்கும்போது கேட்டதை மட்டும் கொடுக்க வேண்டும். ஏரிக்காரருக்கு ஏரியை வைத்தே சொல்கிறேன். எந்த வயலுக்குத் தண்ணீர் வேண்டுமோ அந்த மதகைத்தான் திறப்பீர்கள். நீங்கள் இப்போது செய்திருப்பது கரையையே வெட்டிவிட்டது போல.

கேஎம்எல்லில் அந்த மதகுக்கு ரீஜன் என்று பெயர். ஒவ்வொரு டைலுக்கும் தனிக் கோப்பு இருக்க வேண்டும். அந்தக் கோப்பில் இரண்டு சங்கதிகள்தாம். தன்னுடைய படம் ஒன்று, அதாவது கிரவுண்ட் ஓவர்லே. தனக்குக் கீழே உள்ள நான்கு டைல்களின் கோப்புகளுக்கு நான்கு நெட்வொர்க் லிங்க். ஒவ்வொரு லிங்க்குக்கும் ஒரு ரீஜன், அதாவது அந்தப் பிள்ளை டைல் எந்த அட்சரேகையிலிருந்து எந்த அட்சரேகை வரை, எந்தத் தீர்க்கரேகையிலிருந்து எந்தத் தீர்க்கரேகை வரை என்ற பெட்டி. கூடவே லாட் என்ற பகுதியில், அந்தப் பெட்டி திரையில் எத்தனை பிக்சல் அளவுக்குத் தெரிந்தால் இறக்க வேண்டும் என்ற எண். புதுப்பிக்கும் முறையை ஆன் ரீஜன் என்று வைக்க வேண்டும். இது இல்லாவிட்டால் மற்ற எதைச் செய்தும் பயனில்லை.

இப்போது நடப்பதைப் பாருங்கள். பயனர் தாய்க் கோப்பு ஒன்றைத்தான் திறக்கிறார். அது தன் படத்தைக் காட்டுகிறது. அவர் நெருங்க நெருங்க நான்கு பெட்டிகளில் ஒன்று திரையில் பெரிதாகிறது. அந்த ஒரு கோப்பு மட்டும் இறங்குகிறது. அதற்குள் மீண்டும் நான்கு. அகலம் 1920, உயரம் 1080 பிக்சல் கொண்ட திரையை நிரப்ப நாற்பது டைல் போதும். தரையைச் சாய்த்தால் தொடுவானம் வரை தெரிவதால் இன்னும் கொஞ்சம் கூடும். ஆறாயிரம் தேவையே இல்லை.

இதற்கு சூப்பர் ஓவர்லே என்று பெயர். கீஹோல் நிறுவனம் எழுதிய மொழிதான் கேஎம்எல். கூகுள் அந்த நிறுவனத்தை 2004-இல் வாங்கியது. 2008-இல் புவியியல் தரவுக்கான தரங்களை வகுக்கும் ஓஜிசி அமைப்பு அதைத் திறந்த தரமாக ஏற்றது. ஆகவே இது ஒரே மென்பொருளுக்குக் கட்டுப்பட்ட தந்திரமன்று.

எண் பற்றி ஒன்று. குறைந்தபட்ச பிக்சலை 128 என்று வைப்பதைப் பல எடுத்துக்காட்டுகளில் பார்ப்பீர்கள். டைல் 256 பிக்சல். 128-இலேயே இறக்கச் சொன்னால், திரைக்குத் தேவையானதைவிட ஒரு மட்டம் கூடுதல் நுணுக்கத்தில் இறங்குகிறது, அதாவது நான்கு மடங்கு டைல்கள். கிராமத்து இணைய வேகத்தில் இது பெரிய வேறுபாடு. நான் 256-ஐ ஒட்டி வைப்பேன்.

---

சதுப்புநிலம் எழுதியது:

"நிலப்படம்" அண்ணன் சொன்னதில் பெரும்பகுதி சரி. லாட் பகுதியில் மேக்ஸ்லாட் என்ற அதிகபட்ச எண்ணும் உண்டு, டைல் திரையில் எவ்வளவு பெரிதானதும் மறைய வேண்டும் என்பது; அதைப் பற்றி அவர் சொல்லவில்லை. பலர் தடுக்கி விழும் இடமே அதுதான்.

பிள்ளை டைல் வந்தவுடன் தாய் டைல் மறைய வேண்டும் என்று நினைத்து மேக்ஸ்லாட்டுக்கு 512 என்று எழுதுவார்கள். பிள்ளை இறங்க மூன்று நொடி ஆனால், அந்த மூன்று நொடியும் அங்கே ஓட்டை. கோளத்தின் சொந்தச் செயற்கைக்கோள் படம் பளிச்சென்று தெரிந்து மறையும். நெருங்கும்போதெல்லாம் திரை கண்சிமிட்டும். வயதானவர்களுக்குக் காட்டும்போது இது மிகவும் குழப்பும். ஏரி இருக்கிறதா இல்லையா என்றே கேட்பார்கள்.

மேக்ஸ்லாட்டுக்கு மைனஸ் 1 என்று எழுதுங்கள். எல்லை இல்லை என்று பொருள். தாய் டைல் அடியில் இருந்துகொண்டே இருக்கும். டிரா ஆர்டர் என்ற எண்ணில் மட்டத்தின் எண்ணையே கொடுத்துவிடுங்கள்: 12-ஆம் மட்டத்துக்கு 12, 13-ஆம் மட்டத்துக்கு 13. பெரிய எண் மேலே வரையப்படும். பிள்ளை வந்ததும் தாயை மூடிக்கொள்ளும். வராவிட்டால் மங்கலான தாய் தெரியும். மங்கலாகத் தெரிவது ஒன்றும் தெரியாமல் போவதைவிட மேல்.

---

நிலப்படம் எழுதியது:

மறுக்கவில்லை. ஆனால் ஏரிக்கரை வைத்திருப்பது ஊடுருவித் தெரியும் வரைபடமா என்று கேட்டுக்கொள்ளுங்கள். அடியில் உள்ள செயற்கைக்கோள் படம் தெரியவேண்டும் என்று டைலில் பாதி ஒளிபுகும்படி வைத்திருந்தால், தாயும் பிள்ளையும் ஒன்றன்மேல் ஒன்றாகத் தெரியும். ஒரே வாய்க்கால் இரண்டு தடிமனில், ஒரே பெயர் இரண்டு அளவில். அப்போது மைனஸ் 1 உதவாது. அந்த வகைக்கு நான் அதிகபட்சத்தையும் வைப்பேன், ஓட்டையைப் பொறுத்துக்கொள்வேன்.

---

ஏரிக்கரை எழுதியது:

அது என் நிலைமைதான். ஏரி, வாய்க்கால், எழுத்து தவிர மற்ற இடமெல்லாம் ஒளிபுகும். சற்று முன் மைனஸ் 1 வைத்துப் பார்த்தேன். கலங்கலின் பெயர் இரட்டையாகத் தெரிகிறது.

---

சதுப்புநிலம் எழுதியது:

அப்படியானால் அண்ணன் சொல்வதே சரி, என் பேச்சைத் திரும்பப் பெறுகிறேன். ஒரு நடுவழி உண்டு. இரண்டு அடுக்காகப் பிரியுங்கள். நீர்ப்பரப்பையும் கரையையும் ஒரு டைல் தொகுதியாக, மைனஸ் 1 வைத்து. பெயர்களும் மெல்லிய வாய்க்கால்களும் தனித் தொகுதியாக, அதிகபட்ச எண்ணோடு. பயனர் இடப்பக்கப் பட்டியலில் ஒவ்வொன்றையும் தனித்தனியாக அணைக்கலாம். பெரியவரிடம் கேட்கும்போது பெயர்களை அணைத்துவிட்டுக் கேளுங்கள். அவர் சொல்லும் பெயர் உங்கள் பெயரால் பாதிக்கப்படாது.

நீர்ப்பரப்பை மட்டும் சற்று மங்கலாக்க வேண்டுமானால் டைலை மீண்டும் வெட்ட வேண்டியதில்லை. கிரவுண்ட் ஓவர்லேயில் நிறம் என்ற பகுதி இருக்கிறது. எட்டு இலக்கத்தில் முதல் இரண்டு ஒளிபுகாமை, அடுத்து நீலம், பச்சை, கடைசியில்தான் சிவப்பு. வலைத்தளங்களில் எழுதும் வரிசைக்கு நேர்மாறு.

பிஎன்ஜி கோப்பாகவே வைத்திருங்கள். ஜேபெக்கில் ஒளிபுகும் தன்மை கிடையாது. ஓரங்களில் கறுப்புக் கட்டம் விழும்.

---

வடமராட்சி எழுதியது:

இரண்டாவது சிக்கலுக்கு ஒருவரும் விடை சொல்லவில்லை. அதுதான் எனக்கு மிகவும் பிடித்தது, ஆகவே கொஞ்சம் விரிவாக எழுதுகிறேன்.

உருண்டையான பூமியைத் தட்டையான தாளில் வரையும் முறையைத் தமிழ்நாட்டில் நீங்கள் "கோட்டுச்சட்டம்" என்பீர்கள், இலங்கையில் நாங்கள் "எறியம்" என்று படித்தோம். வலை டைல்கள் எல்லாம் மெர்கேட்டர் எறியத்தில் வரைந்தவை. அதில் துருவத்தை நோக்கிப் போகப் போக அட்சரேகைகளின் இடைவெளி கூடிக்கொண்டே போகும். கிரவுண்ட் ஓவர்லேயோ, கொடுத்த பெட்டிக்குள் படத்தை மேலிருந்து கீழ்வரை சம இடைவெளியில் விரிக்கும். படம் மெர்கேட்டரில் இருப்பது அதற்குத் தெரியாது. டைலின் மேல் விளிம்பும் கீழ் விளிம்பும் சரியான இடத்தில் உட்காரும். நடுவில் உள்ளதெல்லாம் நகர்ந்துவிடும்.

எவ்வளவு நகரும்? உலகம் முழுவதும் அடங்கும் 0-ஆம் மட்டத்து ஒற்றை டைலை எடுத்துக்கொள்ளுங்கள். அது தெற்கு 85.05 பாகையிலிருந்து வடக்கு 85.05 பாகை வரை. சென்னை 13.08 பாகையில் இருக்கிறது. மெர்கேட்டரில் அது நடுக்கோட்டிலிருந்து மேல் விளிம்புவரையான தூரத்தில் ஏழு விழுக்காட்டுக்குச் சற்று மேலே வரும். அதைச் சம இடைவெளியில் விரித்தால் 6.24 பாகை. தீர்க்கரேகை மாறாது, 80.27. இப்போது அந்த இடத்தை எங்கள் இலங்கை வரைபடத்தில் தேடிப் பாருங்கள். காலி நகரத்துக்குச் சற்று வடக்கே. உங்கள் சென்னை எங்கள் தென்மாகாணத்தில் வந்து நிற்கும்.

3-ஆம் மட்டத்தில் நடுக்கோட்டுக்கு மேலே உள்ள டைலின் நடுவில் பிழை ஏறத்தாழ 160 கிலோமீட்டர். 4-ஆம் மட்டத்தில் அதே இடத்து டைலில் 23 கிலோமீட்டர். 6-ஆம் மட்டத்துக்கு வரும்போது உங்கள் அட்சரேகையில் ஒரு பிக்சலுக்கும் குறைந்துவிடும். 10-ஆம் மட்டத்தில் ஆறரை மீட்டர்; ஆனால் அங்கே ஒரு பிக்சலே கிட்டத்தட்ட 150 மீட்டர். கண்ணுக்குத் தெரியாது.

எனவே இரண்டு வழி. உலகம் முழுவதும் காட்ட வேண்டுமானால் மேல் மட்டங்களை மட்டும் சம இடைவெளி எறியத்துக்கு மாற்றி வெட்டுங்கள். ஜிடாலில் ஜியோடெடிக் என்ற விருப்பம் அதற்குத்தான். உங்களுக்கு அது தேவையே இல்லை என்பது என் எண்ணம். ஒரு வட்டாரத்து ஏரிக்கு உலக வரைபடம் எதற்கு? 10-ஆம் மட்டத்திலிருந்து தொடங்குங்கள். அதைவிடத் தள்ளிப் போகும்போது கூகுள் எர்த்தின் சொந்தப் படமே இருக்கட்டும்.

---

நெய்தல் எழுதியது:

இவ்வளவு சுற்று ஏன்? சீசியம் பயன்படுத்துங்கள். உலாவியிலேயே ஓடும் கோளம், திறந்த மூலம். மெர்கேட்டர் டைலின் முகவரியை அப்படியே கொடுத்தால் அதுவே கிராபிக்ஸ் அட்டையில் திருத்திப் போர்த்துகிறது. வரிசை தலைகீழ் என்றால் முகவரியில் ஒரு சொல்லை மாற்றினால் போதும். ரீஜன், லாட் எதையும் நாம் எழுத வேண்டாம். டைல் தரும் சேவையகம் பிற தளங்களும் எடுத்துக்கொள்ளலாம் என்ற அனுமதிக் குறிப்பையும் சேர்த்து அனுப்ப வேண்டும், அவ்வளவுதான். கேடிஇ குழுவின் மார்பிள் என்ற கோள மென்பொருளும் மெர்கேட்டர் டைலை நேரடியாகவே எடுத்துக்கொள்ளும்.

---

ஏரிக்கரை எழுதியது:

சீசியத்தைப் பார்த்தேன், அழகாக இருக்கிறது. ஆனால் நான் போகும் ஊர்களில் பாதி இடத்தில் இணையம் நிலையாகக் கிடைப்பதில்லை. கேஎம்எல்லை பென் டிரைவில் போட்டுக்கொண்டு போனால், டைல்களும் அதே கோப்புறையில் இருப்பதால் சேவையகமே இல்லாமல் திறக்கிறது. நிலப்பரப்பின் படத்தை முந்தைய நாளே அந்த வட்டாரத்தைச் சுற்றிப் பார்த்து மடிக்கணினியின் தற்காலிக நினைவில் ஏற்றிக்கொள்கிறேன். நூலகத்துக் கணினியிலும் கூகுள் எர்த் புரோ இருக்கிறது. 2015-இலிருந்து அது இலவசம் என்பதால் நிறுவுவதில் சிக்கல் இல்லை.

---

கிழக்குவெளி எழுதியது:

மூன்றாவது சிக்கலைப் பற்றி நான் சொல்ல வேண்டும். கடுமையாகத் தோன்றினால் பொறுத்துக்கொள்ளுங்கள், தம்பி. உங்கள் வேலையை மதித்துத்தான் எழுதுகிறேன்.

பொது டைல் சேவையகம் வானத்திலிருந்து விழுவதில்லை. எடுத்துக்காட்டாக ஓபன்ஸ்ட்ரீட்மேப்பை எடுத்துக்கொள்ளுங்கள். 2004-இல் தொடங்கியது, தெருத் தெருவாக நடந்து குறித்தவர்கள் ஊதியம் வாங்கவில்லை. அதன் டைல் சேவையகங்கள் நன்கொடையில் ஓடுகின்றன. தரவை எவ்வளவு வேண்டுமானாலும் எடுத்துக்கொள்ளலாம், அது உரிமத்திலேயே இருக்கிறது. டைல் சேவையகம் வேறு. மொத்தமாக இறக்கக் கூடாது, முன்கூட்டியே சேமித்து வைக்க இறக்கக் கூடாது, கேட்கும் நிரல் தன்னை இன்னதென்று அடையாளம் சொல்ல வேண்டும் என்று அவர்களின் விதியிலேயே எழுதியிருக்கிறது.

கணக்குப் போட்டுப் பாருங்கள். நாற்பது கிலோமீட்டர் சதுரத்துக்கு 16-ஆம் மட்டத்தில் 4,500 டைல். 18-ஆம் மட்டத்தில் 72,000. உங்கள் கேஎம்எல்லைப் பத்துப் பேர் திறந்தால், ரீஜன் இல்லாமல், என்ன ஆகும்? நீங்கள் அறியாமல் செய்தது. சேவையகத்தின் பக்கத்தில் இருப்பவருக்கு அது தெரியாது. அவருக்கு வந்து விழும் வேண்டுகோள்கள் மட்டும்தான் தெரியும். தடுத்தது நியாயம்.

அடிப்படை வரைபடம் வேண்டுமானால் தரவை இறக்கி, உங்கள் வட்டாரத்தை மட்டும் வெட்டி, உங்கள் கணினியிலேயே டைலாக்குங்கள். கியூஜிஸிலேயே டைல் உண்டாக்கும் கருவி இருக்கிறது. ஓபன்ஸ்ட்ரீட்மேப் பங்களிப்பாளர்கள் என்ற நன்றியைத் திரையின் மூலையில் காட்ட வேண்டும். கேஎம்எல்லில் ஸ்கிரீன் ஓவர்லே என்று ஒன்று உண்டு. கோளத்தை எப்படிச் சுழற்றினாலும் அது மூலையிலேயே நிற்கும். 2012 செப்டம்பரிலிருந்து அவர்களுடைய உரிமம் ஓடிபிஎல் என்ற திறந்த தரவுத்தள உரிமம். அதன்படி இந்த நன்றி கட்டாயம்.

---

ஏரிக்கரை எழுதியது:

நீங்கள் சொன்னது நியாயம் ஐயா. பொதுச் சேவையகத்தின் முகவரியை நிரலிலிருந்தே எடுத்துவிட்டேன். சாலைகளையும் ஊர்ப்பெயர்களையும் தரவிலிருந்து நானே வரைந்துகொள்கிறேன். அதில் எங்கள் ஊர்களுக்குத் தமிழ்ப் பெயர் இல்லாத இடங்களில் சேர்த்தும் வருகிறேன்.

தமிழ் என்றதும் நினைவுக்கு வருகிறது. கியூஜிஸில் எழுத்து சரியாக வருகிறது. டைல் வரையும் மேப்னிக் மென்பொருளின் பழைய பதிப்பு ஒன்றில் வெட்டிப் பார்த்தபோது "கொ", "கோ" எல்லாம் கொம்பு பிரிந்து நின்றன.

---

நெய்தல் எழுதியது:

மேப்னிக் 3 அல்லது அதற்குப் பிந்தையதை நிறுவுங்கள். அதில் எழுத்தை ஒழுங்குபடுத்தும் வேலையை ஹார்ஃப்பஸ் என்ற நூலகம் பார்த்துக்கொள்கிறது. கொம்பும் காலும் இடம் மாறாது. எழுத்துருவையும் தமிழ் உள்ளதாகப் பெயர் சொல்லிக் குறிப்பிடுங்கள், இல்லாவிட்டால் கட்டம் கட்டமாக வரும்.

இன்னொன்று. டைல் எல்லையில் பெயர் பாதியாக வெட்டுப்படும். எட்டுக்கு எட்டு டைல்களைச் சேர்த்து ஒரே படமாக வரைந்து பிறகு வெட்டினால் அது பெருமளவு குறையும். வரையும்போது சுற்றிலும் சற்று அதிக இடம் விட்டு வரையச் சொல்லுங்கள்.

---

ஏரிக்கரை எழுதியது:

எல்லாவற்றையும் செய்தேன். இரண்டு அடுக்கு, 10-இலிருந்து 16 வரை, ரீஜன், ஆன் ரீஜன், டிரா ஆர்டர். கோப்பு உடனே திறக்கிறது. நெருங்கினால் நொடியில் வருகிறது. கண்சிமிட்டுவதும் இல்லை.

ஆனால் மனம் நிறையவில்லை. பழைய தாளிலிருந்து எடுத்த கலங்கல், கோளத்தில் தெரியும் கலங்கலின் மேல் உட்காரவில்லை. இருநூறு மீட்டருக்கு மேல் தள்ளி நிற்கிறது. எல்லா ஏரியிலும் அதே திசை, அதே தூரம். நானே ஜிபிஎஸ்ஸோடு நடந்து குறித்தவை சரியாக இருக்கின்றன. மெர்கேட்டர் பிழையா என்றால், 16-ஆம் மட்டத்தில் அது இருக்க வாய்ப்பில்லை என்று வடமராட்சி அண்ணன் கணக்கே சொல்கிறது.

---

சங்கிலி எழுதியது:

நான் நில அளவையில் முப்பது ஆண்டு வேலை பார்த்து ஓய்வு பெற்றவன். டைல் எனக்குப் புதிது, தாள் பழக்கமானது. உங்கள் பிழை டைலில் இல்லை, தாளில் இருக்கிறது.

எல்லா இடத்திலும் ஒரே திசை, ஒரே தூரம் என்று சொன்னீர்களே, அதிலேயே விடை இருக்கிறது. பழைய தாள்கள் எவரெஸ்ட் நீள்கோளத்தை வைத்து வரைந்தவை. ஆங்கிலேய அளவையாளர் லாம்டன் 1802-இல் சென்னைப் பரங்கிமலைக்கு அருகே அடிக்கோடு அளந்து தொடங்கிய அளவை. அவருக்குப் பின் வந்த எவரெஸ்ட் 1830-இல் கணக்கிட்ட பூமியின் வடிவம். இந்தியாவுக்குப் பொருந்தும்படி அமைத்தது அது. ஜிபிஎஸ்ஸும் கூகுள் எர்த்தும் பயன்படுத்துவது டபிள்யூஜிஎஸ் 84. அது பூமி முழுவதற்கும் பொதுவாக அமைத்தது. ஒரே அட்சரேகை, ஒரே தீர்க்கரேகை எண்ணை இரண்டிலும் வைத்தால் இரண்டு வெவ்வேறு இடங்கள் கிடைக்கும். உங்கள் வட்டாரத்தில் வேறுபாடு வடக்கே ஏறத்தாழ 160 மீட்டர், மேற்கே ஏறத்தாழ 160 மீட்டர். குறுக்காக எடுத்தால் இருநூறைத் தாண்டும்.

தாளின் மூலையில் அச்சிட்ட எண்களைத் தட்டச்சு செய்து அதை டபிள்யூஜிஎஸ் 84 என்று மென்பொருளிடம் சொல்லியிருப்பீர்கள். எவரெஸ்ட் என்று சொல்லுங்கள். மாற்றத்தை அது செய்துகொள்ளும். அல்லது தாளிலும் இன்றும் மாறாமல் இருக்கும் இடங்களை, கோவில் கோபுரம், ஏரிக்கரையின் முனை, பழைய பாலம் இவற்றை, பத்து இடமாவது எடுத்து அவற்றைக் கொண்டு தாளைப் பொருத்துங்கள். நான் இரண்டாவதைத்தான் விரும்புவேன், ஏனென்றால் தாள் ஈரத்தில் சுருங்கியிருக்கும்.

தாள் மிகப் பழையதானால் ஓரக் குறிப்பையும் படித்துப் பாருங்கள். அந்தக் காலத்துத் தீர்க்கரேகைகள் மதராஸ் வானாய்வகத்தின் அன்றைய கணக்கை வைத்தவை. திருத்தம் எவ்வளவு என்று ஓரத்திலேயே அச்சிட்டிருப்பார்கள். அதை விட்டுவிட்டால் பிழை கிலோமீட்டர் கணக்கில் போகும். உங்களுக்கு இருநூறு மீட்டர்தான் என்பதால் அந்தத் திருத்தம் ஏற்கெனவே சேர்ந்த தாள்தான் உங்களிடம் இருக்கிறது.

இதையெல்லாம் டைல் வெட்டுவதற்கு முன்பே செய்ய வேண்டும். வெட்டிய பிறகு பெட்டியை நகர்த்திச் சரிக்கட்டினால் ஏழு மட்டத்திலும் ஆறாயிரம் பெட்டிகளிலும் பொய் ஏறிவிடும்.

---

வடமராட்சி எழுதியது:

ஐயா, எண்களை, ஒரு நீள்கோளத்திலிருந்து மற்றதற்கு மாற்றும் மொலடென்ஸ்கி சூத்திரத்தில் போட்டுப் பார்த்தேன். நீங்கள் மனத்தில் வைத்துச் சொன்ன 160-உம் 160-உம் அப்படியே வருகின்றன. வணக்கம்.

---

ஏரிக்கரை எழுதியது:

சங்கிலி ஐயாவுக்கு எப்படி நன்றி சொல்வதென்று தெரியவில்லை. மூன்று நாள் உட்கார்ந்து தாள் முழுவதையும் மீண்டும் பொருத்தினேன். பன்னிரண்டு இடங்கள் எடுத்தேன். ஏழு கோவில், மூன்று கரை முனை, இரண்டு பாலம். டைல்களைப் புதிதாக வெட்டினேன்.

நேற்று மாலை நூலகத்தில் திறந்து காட்டினேன். முதலில் சொன்ன அதே பெரியவர் வந்திருந்தார். பெயர் அடுக்கை அணைத்திருந்தேன். 16-ஆம் மட்டம் இறங்கியதும் கரையின் வளைவும் வரைபடத்தின் கோடும் ஒன்றாயின. கலங்கலின் கல்வரிசை செயற்கைக்கோள் படத்தில் வெள்ளைக் கீற்றாகத் தெரிந்தது. என் கோடு அதன் மேலேயே படுத்திருந்தது. அவர் ஒன்றும் சொல்லாமல் சற்று நேரம் பார்த்தார். பிறகு கரையின் கிழக்குப் பக்கத்தில் விரல் வைத்து, "இங்கே இன்னொரு மதகு இருந்தது, சின்னது, மண் மூடிவிட்டது, அதைக் காணோமே" என்றார்.

பழைய தாளைப் பெரிதாக்கிப் பார்த்தேன். அவர் விரல் வைத்த இடத்தில் மெல்லிய கோடு ஒன்று கரையைத் தாண்டி வயலுக்குள் போகிறது. கறை என்று நினைத்து விட்டுவிட்டிருக்கிறேன். காலையில் அவரையும் அழைத்துக்கொண்டு கரைக்குப் போகிறேன். இடத்தைக் குறித்துக்கொண்டு வந்ததும் அந்த இடத்து டைல்களை மட்டும் மீண்டும் வெட்டி, நிரலையும் சேர்த்து இங்கே ஏற்றுகிறேன்.